உருளாத சொட்டு, அசையாத மீட்டர்: கார்பன் கலந்த சிலிக்கோன் நுண்தூண்களில் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

கறுப்பு ரப்பர் துண்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு மாணவர் வந்து நிற்பார். "சார், மீட்டர் அசையவே மாட்டேங்குது. கார்பனை இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா?" அடுத்த வாரம் இன்னொருவர்: "சார், சொட்டு உருள மாட்டேங்குது. கார்பனைக் குறைக்கட்டுமா?" இருவருக்கும் என் பதில் ஒன்றுதான். கார்பன் டப்பாவை மூடுங்கள், எது கெட்டிருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

செய்யும் பொருள் இதுதான்: மின்சாரத்தைக் கடத்தவும் வேண்டும், மேலே விழும் நீர்ச்சொட்டை உருட்டிவிடவும் வேண்டும் என்ற ரப்பர். பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரில் (பெரும்பாலும் சில்கார்டு 184) பல சுவர் கார்பன் நானோகுழாய்களை எடையில் 3 சதவீதம் கலந்து, நுண்குழிகள் உள்ள அச்சில் ஊற்றி, காற்றை இழுத்து, 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து உரித்தெடுக்கிறோம். குழி இருந்த இடமெல்லாம் தூண். விட்டம் 10 மைக்ரான், ஒரு தூணின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 20 மைக்ரான், உயரம் 30 மைக்ரான். மழையில் நனைந்தாலும் வேலை செய்யும் அழுத்த உணரி, ஈரம் தங்காத சூடேற்றி என்று இதற்குப் பல உபயோகம்.

இதில் ஓர் இழுபறி உண்டு. நீரை விரட்டுவது சிலிக்கோன், மின்சாரத்தை ஓட விடுவது கார்பன். சிலிக்கோன் மின்சாரத்தையும் சேர்த்தே தடுக்கும். அதனால் ஒரு கோளாறைச் சரிசெய்யும்போது இன்னொன்று சத்தமில்லாமல் கெட்டுப்போகும். எதை மாற்றினாலும் மின்தடை, சொட்டு உருளும் சாய்வு இரண்டையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதிய நோட்டு பிற்பாடு எதற்கும் உதவாது.

மீட்டர் அசையவே இல்லை

முதலில் மீட்டரின் குமிழ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பலர் "பீப்" சத்தம் வரும் தொடர்ச்சிச் சோதனையில் வைத்துவிட்டு, சத்தம் வரவில்லை, மின்சாரம் ஓடவில்லை என்பார்கள். சில பத்து ஓமுக்குக் கீழே இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும். நம் பொருள் கிலோஓமில் பேசுவது. மெகாஓம் வரைக்கும் வைத்துப் பாருங்கள். முனைகளை இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் பிடிக்காதீர்கள், உங்கள் உடம்பின் மின்தடையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அப்படியும் ஓஎல் (அளவைத் தாண்டியது) என்றே காட்டினால், ஒரு பிளேடால் துண்டை வெட்டி, புதிதாக வெட்டிய முகத்தில் முனைகளைக் குத்திப் பாருங்கள். வெட்டுமுகத்தில் எண் வருகிறது, மேற்பரப்பில் வரவில்லை என்றால் கார்பன் போதுமான அளவு இருக்கிறது. கோளாறு தோலில். அச்சின் சுவரை ஒட்டிக் கார்பனே இல்லாத சிலிக்கோன் மெல்லிய தோலாகப் படிந்துவிடும். உள்ளே பாதை இருந்தும் வாசல் பூட்டியிருக்கிறது. இங்கே கார்பனைக் கூட்டினால் கலவை தடித்துப்போகும், தோல் அப்படியே இருக்கும்.

அடுத்து உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது: மின்சாரம் தூணின் தலை வழியாக வெளியே வந்தே ஆக வேண்டுமா? சூடேற்றிக்கும் பெரும்பாலான உணரிகளுக்கும் வேண்டாம். அவற்றுக்குத் தோல் நல்லதுதான், நீரை விரட்டும் வேலையை அதுதான் செய்கிறது. கலவை இறுகும் முன்னே இரு ஓரங்களிலும் செம்பு வலைத் துண்டுகளைப் பின்பக்கத்தில் அமிழ்த்திவிடுங்கள். வலையின் கண்களுக்குள் கலவை புகுந்து பிடித்துக்கொள்ளும், தோல் பிரச்சினையே எழாது. வெள்ளிப் பசையை மேலே தடவி அளப்பதைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

தலை வழியாகத்தான் வேண்டும் என்றால், அச்சில் கலவை ஊற்றும் முன் நானோகுழாய்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலக்கி மெல்லிசாகத் தெளித்து உலரவிடுங்கள். பிறகு ஊற்றினால் குழாய்களின் ஒரு பகுதி தூணின் மேல்தோலிலேயே பதிந்து வெளியே தெரியும். மேலே ஒரு நுண்சொரசொரப்பும் கூடவே கிடைக்கும், அது சொட்டுக்கும் நல்லது. ஆக்சிஜன் பிளாஸ்மாவால் தோலைச் சீவலாம் என்று சிலர் போவார்கள். பிளாஸ்மா பட்ட சிலிக்கோன் நீரை விரும்ப ஆரம்பித்துவிடும். நாளாவட்டத்தில் பழைய குணம் திரும்பும் என்பது உண்மைதான், ஆனால் அதுவரை சொட்டுச் சோதனை செய்து பயனில்லை.

வெட்டுமுகத்திலும் எண் வரவில்லை என்றால்தான் உண்மையிலேயே கார்பன் வலைப்பின்னல் உருவாகவில்லை. அப்போதும் அளவு குறைவு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 3 சதவீத நானோகுழாய் ஒழுங்காகப் பரவியிருந்தால் கடத்த வேண்டும். கட்டி கட்டியாக நின்றால் 5 சதவீதம் போட்டாலும் கடத்தாது. சாதாரணக் கார்பன் பிளாக் என்றால் கதையே வேறு, 10 சதவீதத்துக்கு மேலே போக வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு முறையும் மின்தடை வேறு எண் காட்டுகிறது

ஒரே துண்டில் முனையை அழுத்த அழுத்த எண் குறைகிறதா? அது தொடுமிடத்துத் தடை, பொருளின் தடை இல்லை. நான்கு முனை முறையில் அளவுங்கள்: வெளி முனை இரண்டில் மின்னோட்டம், உள் முனை இரண்டில் மின்னழுத்தம்.

அழுத்தாமலே எண் நகர்ந்துகொண்டே இருந்தால் துண்டு இன்னும் அமைதியாகவில்லை என்று அர்த்தம். கார்பன் கலந்த ரப்பரை வளைத்தாலோ இழுத்தாலோ உள்ளே பாதைகள் அறுந்து மெதுவாகத்தான் மறுபடி கூடும். அச்சிலிருந்து உரிப்பதும் ஒரு வளைப்புதானே. உரித்த கையோடு அளந்த எண்ணை நான் நம்புவதில்லை, ஒரு நாள் தட்டையாகக் கிடக்கட்டும்.

தொகுப்புக்குத் தொகுப்பு மாறினால் கலக்கும் முறையைப் பாருங்கள். நான் செய்வது: நானோகுழாயை ஆல்கஹாலில் போட்டு ஒலியலைக் குளியலில் கலைத்து, சிலிக்கோனின் மூலப் பகுதியில் மட்டும் சேர்த்து, ஆல்கஹாலை ஆவியாக்கி, ஆறிய பிறகு இறுக்கும் பகுதியைச் சேர்ப்பது. ஆல்கஹால் போய்விட்டதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துவைத்து, எடை குறைவது நின்ற பிறகு அடுத்த படிக்குப் போங்கள். ஒருமுறை "பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கு" என்று ஓவனில் வைத்தேன். எடுத்தபோது தூண்களுக்குப் பதில் கறுப்பு ஸ்பாஞ்ச் இருந்தது.

இன்னொன்று. காய்ந்த நானோகுழாய்ப் பொடியைத் திறந்த மேசையில் எடை போடாதீர்கள். காற்றை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டிக்குள் (ஃபியூம் ஹூட்), முகக்கவசத்தோடு செய்யுங்கள். கரைப்பான் ஈரம் மிச்சமிருக்கும் கலவையைச் சாதாரண ஓவனில் வைப்பது தீ விபத்துக்கு அழைப்பு.

பிசுபிசுப்பு போகவில்லை, ரப்பர் இறுகவில்லை (க்யூர் ஆகவில்லை)

10:1 என்பது மூலப் பகுதிக்கும் இறுக்கும் பகுதிக்கும் உள்ள எடை விகிதம். கார்பனையும் மூலப் பகுதியோடு சேர்த்து எடை போட்டுக் கணக்கிட்டால் தவறும். விகிதம் சரி என்றால் பிளாட்டினத்தைச் சந்தேகியுங்கள். இந்தச் சிலிக்கோனை இறுகவைப்பது துளியூண்டு பிளாட்டினம். கந்தகம், அமீன், வெள்ளீயச் சேர்மங்கள் பட்டால் அது செயலிழந்துவிடும். லேட்டெக்ஸ் கையுறையைக் கழற்றி நைட்ரைல் போடுங்கள். அமீன் ஒட்டவைத்த நானோகுழாய் "நன்றாகப் பரவும்" என்று சொல்லி விற்கப்படும், இந்த வேலைக்கு வாங்காதீர்கள். ஒளியால் இறுகும் பிசினில் அச்சடித்த முப்பரிமாண அச்சு என்றால், அச்சைத் தொட்ட பக்கம் மட்டும் பிசுபிசுக்கும். அதுதான் அடையாளம். அச்சை நன்றாகக் கழுவி, புற ஊதாவில் மறுபடி காட்டி, நெடுநேரம் சுடவைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

தூண்கள் பாதிதான் வந்திருக்கின்றன

நுண்ணோக்கியில் பாருங்கள். குட்டையான தூண்களின் தலை வழவழவென்று குவிந்திருந்தால் குழியின் அடியில் காற்று மாட்டிக்கொண்டது. தலை கரடுமுரடாக, ஒழுங்கில்லாமல் இருந்தால் கார்பன் கட்டி குழிவாயை அடைத்திருக்கிறது.

காற்று என்றால் இரண்டு தடவையாக ஊற்றுங்கள். முதல் பூச்சு மெல்லியதாக, கொஞ்சம் ஹெக்சேன் சேர்த்து இளக்கியது. வெற்றிட ஜாடியில் வைத்து, குமிழ் அடங்கும் வரை காற்றை இழுப்பதும் விடுவதுமாக மூன்று நான்கு சுற்று. காற்றைத் திரும்ப உள்ளே விடும் கணத்தில்தான் கலவை குழிக்குள் இறங்குகிறது, இழுத்துக்கொண்டே இருந்தால் போதாது. ஹெக்சேன் முழுக்கப் போன பிறகு மேலே தடித்த கலவை.

கட்டி என்றால் வெற்றிடம் உதவாது. 10 மைக்ரான் குழிக்குள் 15 மைக்ரான் கட்டி எப்படிப் போகும்? பெயின்ட் தொழிலில் அரைப்பு நயம் பார்க்கும் அளவுகோல் ஒன்று உண்டு. சரிவான பள்ளம் வெட்டிய எஃகுக் கட்டை. அதில் ஒரு துளி இழுத்துப் பார்த்தால் எந்த ஆழத்தில் கோடு கீறத் தொடங்குகிறதோ அதுதான் கட்டியின் அளவு. விலை குறைவு, ஒரு நிமிட வேலை. மூன்று உருளை ஆலையில் அரைக்க வசதி இருந்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் போய்விடும்.

உரிக்கும்போது தூண்கள் அச்சிலேயே தங்கிவிடுகின்றன

கார்பன் சேர்ந்த சிலிக்கோன் வெறும் சிலிக்கோனைப் போல நீண்டு கொடுக்காது, வேரோடு முறியும். அச்சும் சிலிக்கோன் என்றால், ஒட்டாத ஃபுளோரோசிலேன் பூச்சு இல்லாமல் ஊற்றவே கூடாது, இரண்டும் ஒன்றாகிவிடும். பூச்சு இருந்தும் முறிகிறது, அச்சு எஸ்யூ-8இல் செய்தது என்றால், குழியின் வாய் உள்பக்கத்தைவிடக் குறுகலாக இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்யூ-8 ஒளி பட்ட இடத்தில் இறுகும் பொருள். 350 நானோமீட்டருக்குக் கீழான ஒளியை அதன் மேல்பரப்பே உறிஞ்சி அகலமாக இறுகிவிடும். வாய் சிறுத்த குடத்துக்குள் கைவிட்ட கதைதான். அந்த அலைநீளங்களை வெட்டும் வடிகட்டியைப் போட்டுப் புதிய அச்சு செய்வது ஒன்றே வழி.

தூண்கள் ஒன்றோடொன்று சாய்ந்து கட்டிக்கொள்கின்றன

ஈரத்தில் உரித்தீர்களா, அல்லது கழுவிக் காயவைத்தீர்களா? காயும் நீர் தூண்களைச் சேர்த்து இழுக்கும், ஈர முடி கற்றையாவது போல. எங்கள் அளவான 10-க்கு 30 பெரும்பாலும் தாங்கும். 5 விட்டத்துக்கு 40 உயரம் என்று ஆசைப்பட்டால் தாங்காது. விட்டத்தைக் கூட்டுங்கள்.

சொட்டு உருண்டையாக நிற்கிறது, ஆனால் உருளவில்லை

அதிகம் பேரைக் குழப்பும் அறிகுறி இது. சொட்டு பரப்பைத் தொடும் இடத்தில் நீருக்குள் அளக்கும் கோணத்தைச் சேர்கோணம் என்கிறோம். தட்டையான சிலிக்கோனில் அது 110 டிகிரி அளவில் இருக்கும். 150-ஐத் தாண்டி, 10 டிகிரிக்குக் குறைவான சாய்விலேயே சொட்டு உருண்டால்தான் அதிநீர்விலக்கி. மாணவர் 150 அளந்து மகிழ்ந்துவிட்டு, துண்டைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். தாமரை இலை என்று நினைத்து ரோஜா இதழைச் செய்துவிட்டோம். இதழிலும் சொட்டு உருண்டையாகத்தான் இருக்கும், ஆனால் விழாது.

வித்தியாசம் சொட்டுக்கு அடியில். 1944-இல் காஸ்ஸியும் பாக்ஸ்டரும் விவரித்த நிலையில் சொட்டு தூண் தலைகளில் மட்டும் உட்கார்ந்து, இடையில் காற்று இருக்கும். அதற்கு எட்டு வருடம் முன்பு வென்சல் விவரித்த நிலையில் நீர் இடைவெளிகளை நிரப்பியிருக்கும். எது என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். துண்டை ஒரு கிண்ணத் தண்ணீரில் அமிழ்த்திச் சாய்வாகப் பாருங்கள். காற்றுப்படலம் இருந்தால் கறுப்பு ரப்பர் வெள்ளித் தகடு போல மின்னும். சேப்பங்கிழங்கு இலையை நீருக்குள் அமுக்கினால் தெரியுமே, அதே மினுமினுப்பு. கறுப்பாகவே தெரியும் திட்டுகளில் நீர் புகுந்துவிட்டது.

எந்த நிலை நிலைக்கும் என்பதை ஊற்றும் முன்னரே கணக்குப் போடலாம். தூண் தலைகள் பரப்பில் பிடிக்கும் பங்கு, நம் அளவில் 0.196. கரடு விகிதம், அதாவது தூண் சுவர்களையும் சேர்த்த பரப்பைத் தட்டைப் பரப்பால் வகுத்தது, 3.36. பங்கிலிருந்து 1-ஐக் கழித்து, கரடு விகிதத்திலிருந்து பங்கைக் கழித்த எண்ணால் வகுத்தால் வருவது ஒரு கோணத்தின் கொசைன்: மைனஸ் 0.254, கோணம் சுமார் 105. சிலிக்கோனின் 110 அதைவிட அதிகம், எனவே காற்றுப்படலம் நிலைக்கும். இப்போது உயரத்தை 30-க்குப் பதில் 10 மைக்ரான் என்று வையுங்கள். தேவைப்படும் கோணம் 120-க்கு ஏறிவிடும், சிலிக்கோனால் எட்ட முடியாது. மெதுவாக வைத்தால் சொட்டு உருண்டையாக நிற்கும், லேசாகத் தட்டினால் உள்ளே இறங்கிவிடும். குட்டைத் தூண் வந்த துண்டில் சொட்டு ஒட்டுவதற்குக் காரணம் இதுதான். கார்பன் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

தூண்களின் நடுவுக்கு நடு இடைவெளியை 20-லிருந்து 30 மைக்ரானாக அகட்டினால் என்ன? காற்றுப்படலம் இருக்கும்வரை சேர்கோணம் 151-லிருந்து 160-க்குப் போகும், படம் பிரமாதமாக வரும். ஆனால் நிலைப்பதற்குத் தேவையான கோணமும் 105-லிருந்து 118-க்குப் போய்விடும். படத்துக்கு அகலம், வேலைக்கு நெருக்கம். நான் நெருக்கத்தின் பக்கம்.

மெல்ல வைத்தால் உருள்கிறது, குழாயடியில் பிடித்தால் நனைந்துவிடுகிறது

நம் தூண் வரிசை தோராயமாக 2400 பாஸ்கல் வரை தாங்கும், ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் நீர்மட்டத்தின் அழுத்தம். 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் சொட்டின் மோதல் அழுத்தமே அதைத் தாண்டிவிடும். கோளாறு எதுவும் இல்லை, கேட்பது அதிகம். மழைக்குத்தான் வேண்டும் என்றால் விட்டத்தையும் இடைவெளியையும் ஒரே விகிதத்தில் பாதியாக்குங்கள், தாங்கும் அழுத்தம் இரட்டிப்பாகும்.

சொட்டு கறுப்பாக உருள்கிறது

முதலில் தெளித்த நானோகுழாய் அதிகமாகிவிட்டது, ஒட்டாத மிச்சத்தைச் சொட்டு வாரிக்கொண்டு போகிறது. நூறு சொட்டு உருட்டிய பிறகும் கறுத்தால் தெளிப்பைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஊற்றுங்கள்.

மின்னழுத்தம் கொடுத்ததும் சொட்டு உட்கார்ந்துவிடுகிறது

சொட்டுக்குள் ஒரு கம்பி, தூண்களுக்கு மறு முனை என்று இணைத்துச் சோதிக்கும்போது வருவது. தோல் சில மைக்ரான் கனமாக இருந்தால் அது மின்காப்பாகி, சொட்டும் தூணும் ஒரு மின்தேக்கியின் இரு தகடுகளாகிவிடும். மின்னழுத்தம் ஏற ஏறச் சேர்கோணம் இறங்கும். 3 மைக்ரான் தோல், 45 வோல்ட் என்றால் சிலிக்கோனின் 110 சுமார் 103-க்கு இறங்குகிறது. காற்றுப்படலம் நிலைக்க 105 வேண்டும் என்று மேலே பார்த்தோமே, அதற்குக் கீழே போய்விட்டது. மின்சாரத்தை நிறுத்தினாலும் உள்ளே போன நீர் தானாக மேலே வராது. தோலே இல்லாமல் கார்பன் நேரடியாக நீரைத் தொட்டால் இரண்டு மூன்று வோல்ட்டிலேயே நீர் பிரிந்து நுண்குமிழ் வரும். குமிழ் தெரிந்தால் தோல் இல்லை, சத்தமில்லாமல் சொட்டு பரந்தால் தோல் இருக்கிறது. முதல் அறிகுறியில் பிளேடால் செய்த சோதனையை இப்படியும் செய்துகொள்ளலாம்.

காலையில் உருண்டது, மாலையில் ஒட்டுகிறது

ஏசி அறையில் குளிர்ந்த துண்டைக் கடற்கரை ஊரின் மாலைக் காற்றில் வெளியே எடுத்தால், ஈரம் தூண்களுக்கு நடுவிலேயே பனித்துளியாகப் பிறக்கும். மேலே வைக்கும் சொட்டைத் தூண்கள் தடுக்கும். உள்ளேயே பிறக்கும் நீரை என்ன செய்ய முடியும்? துண்டை மூடிய டப்பாவிலேயே வெளியே கொண்டுவந்து, வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தாலே பாதி தொல்லை தீரும்.

இந்த இடத்தில் "சிலிக்கோனுக்குப் பதில் பெடாட்-பிஎஸ்எஸ் பூசிவிட்டால் என்ன, அதுவே கடத்தும் பாலிமர்தானே" என்று யாராவது கேட்பார்கள். கடத்தும், ஆனால் அதன் பிஎஸ்எஸ் பகுதி காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சி உப்பும். நீரை விரட்டும் வேலைக்கு நீர்தாகம் உள்ளவரைக் கூப்பிடுவது போல.

துண்டை 60 டிகிரியில் அரை மணி நேரம் உலர்த்தி மறுபடி சொட்டு வையுங்கள். உருண்டால் காரணம் ஈரம்தான். உருளாவிட்டால் விரல் எண்ணெயோ சோப்போ பட்டிருக்கிறது. பாத்திரம் கழுவிய கையால் தொட்ட துண்டு எனக்கு ஒரு முழு நாளைத் தின்றிருக்கிறது. ஆல்கஹாலில் அலசி உலர்த்திப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்தத் துண்டை மின்தடை அளக்க வைத்துக்கொண்டு, சொட்டுச் சோதனைக்குப் புதிதாக ஒன்று ஊற்றிவிடுங்கள்.